கொழும்பு – லண்டன் – ரொறன்ரோ – சிட்னி – கொழும்பு: அப்பா அம்மாவுக்குக் கட்டுப்படியான பிஸ்னஸ் கிளாஸ் ரிக்கற் எடுப்பது எப்படி?

கொக்குவில்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கோ.

அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 70. இரண்டு பேரும் கொக்குவிலில் தனிய இருக்கிறார்கள். நான் ரொறன்ரோவில், ஸ்காபரோ பக்கம். தம்பி சிட்னியில், வென்ற்வேர்த்வில்லில். அப்பாவின் ஒரே தங்கச்சி, எங்கள் மாமி, லண்டன் ஹரோவில். மாமிக்கு இப்போது கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ். அவ இனி ஊருக்கு வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். போன மாதம் அப்பா தொலைபேசியில் சொன்னார்: "ஒரே ஓட்டத்தில் மூன்று பேரையும் பார்த்துவிட்டு வந்திடுவம் பிள்ளை. திரும்பத் திரும்ப ஏறி இறங்க என்னால ஏலாது."

மூன்று வருடத்துக்கு முன்னர் அப்பாவுக்கு இடது இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஒருமுறை இங்கே வந்தார், எகொனமியில். பியர்சன் விமான நிலையத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு சப்பாத்து வலது காலில் இருந்தது, மற்றது மடியில் இருந்தது. இடது கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகவில்லை. "ஒன்றுமில்லை, இறுக்கமாக இருந்தது, கழற்றிப்போட்டன்" என்றார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அப்படியான வீக்கத்துக்குப் பின்னால் என்ன வரலாம் என்று தெரிந்தவள். இனி அப்பா நீண்ட பறப்பு பறந்தால் காலை நீட்டிப் படுத்துத்தான் பறப்பார் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருட இரவு வேலையில் 22,000 கனடிய டொலர் சேர்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் அதுதான். இங்கே ஒரு முகவரிடம் கேட்டேன். கொழும்பு–லண்டன், லண்டன்–ரொறன்ரோ, ரொறன்ரோ–வன்கூவர், வன்கூவர்–சிட்னி, சிட்னி–கொழும்பு என்று ஐந்து ஒருவழி ரிக்கற்றாகக் கூட்டி, ஒருவருக்கு 16,400 சொன்னார். கையில் இருப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு.

நல்லூர்த் தேர், தீர்த்தம் முடிந்த பிறகுதான் அம்மா வெளிக்கிடுவா. தைப்பொங்கலுக்கு வீட்டில் நிற்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டா. அம்மா சுத்த சைவம், வெள்ளிக்கிழமை ஒருநேரம்தான் சாப்பிடுவா. இருவரிடமும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா மூன்றுக்கும் விசா கையில் இருக்கிறது.

இதை ஒரே ரிக்கற்றாகப் போடமுடியுமா? இல்லையென்றால் எந்தத் துண்டில் பிஸ்னஸ் கிளாஸை விட்டுக்கொடுக்கலாம்?


பென்டில்ஹில் எழுதியது:

அக்கா, நான் சிட்னியில் இருந்து எழுதுகிறேன். சுற்றி வரவேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? கொழும்பிலிருந்து லண்டன் வழியாக ரொறன்ரோ போய்வர ஒரு ரிக்கற். வீட்டில் ஒரு மாதம் ஆறுதலாக இருந்துவிட்டு, சிட்னிக்குத் தனியாக இன்னொரு போய்வரும் ரிக்கற். ஒருவழி ரிக்கற்றுக்கு நிறுவனங்கள் போட்டுத் தாளிக்கும், போய்வரும் ரிக்கற்றில் அந்த அடி இல்லை. என் மாமனார் மாமியாரை இப்படித்தான் கூப்பிட்டோம்.

லண்டன்–ரொறன்ரோ பகல் பறப்பு, எட்டு மணித்தியாலம். அதில் கட்டில் எதற்கு? பிரீமியம் எகொனமி போதும். காசை இரவுப் பறப்புக்கு வையுங்கோ.


ரிக்கற் அண்ணை எழுதியது:

தங்கச்சி, நான் லண்டனில் 19 வருடம் ரிக்கற் போட்டவன். இப்போது ஓய்வு. உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். இது உலகம் சுற்றும் ரிக்கற்றுக்கென்றே அமைந்த பயணம். அந்த முகவர் ஏன் அதைச் சொல்லவில்லை என்று விளங்கவில்லை.

ஸ்ரார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் உள்ள நிறுவனங்கள் சேர்ந்து அப்படி ஒரு ரிக்கற் விற்கின்றன. விலை நீங்கள் பறக்கும் மைல் கணக்கில். பிஸ்னஸ் கிளாஸுக்கு 29,000, 34,000, 39,000 மைல் என்று படிகள். அத்திலாந்திக்கை ஒருதரம், பசிபிக்கை ஒருதரம் கடக்கவேண்டும். போகும் திசை மேற்கு என்றால் கடைசிவரை மேற்கு. தொடங்கிய நாட்டிலேயே முடிக்கவேண்டும். குறைந்தது 10 நாள், கூடியது ஒரு வருடம். அதிகபட்சம் 16 பறப்பு.

உங்கள் வழியை மைல் போட்டுப் பார்த்தேன். கொழும்பு–இஸ்தான்புல் ஏறக்குறைய 3,900, அங்கிருந்து லண்டன் 1,560, லண்டன்–ரொறன்ரோ 3,550, ரொறன்ரோ–வன்கூவர் 2,080, வன்கூவர்–சிட்னி 7,760, சிட்னி–சிங்கப்பூர் 3,900, சிங்கப்பூர்–கொழும்பு 1,700. கூட்டினால் 24,500க்குள் நிற்கிறது. கீழ்ப்படியே போதும், இன்னும் 4,500 மைல் மிச்சம். முதல் இரண்டும் துருக்கி எயார்லைன்ஸ், நடு மூன்றும் எயார் கனடா, கடைசி இரண்டும் சிங்கப்பூர் எயார்லைன்ஸ். எல்லாம் ஒரே கூட்டணி, ஒரே ரிக்கற்.

கொழும்பு–லண்டன் ஸ்ரீலங்கன் நேரடிப் பறப்பு இருக்கே என்று யாரும் கேட்பீர்கள். ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் வன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது, ஆகவே இந்த ரிக்கற்றுக்குள் வராது. வன்வேர்ல்டுக்கும் உலகம் சுற்றும் ரிக்கற் இருக்கிறது, அதன் விலை எத்தனை கண்டம் என்ற கணக்கில். ஆனால் அந்தக் கூட்டணியில் ரொறன்ரோவிலிருந்து சிட்னிக்கு வழக்கமாகப் போடும் வழி அமெரிக்கா ஊடாக. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்காவில் விமானம் மாறி ஏறவே விசா வேண்டும். இரண்டு மணித்தியாலம் லொஸ் ஏஞ்சலிசில் உட்கார்ந்து எழும்ப, கொழும்பில் நேர்முகத்துக்கு வயதுபோன ஆக்களை இழுத்துக்கொண்டு போகவேண்டாம். வன்கூவர்–சிட்னி நேரடிப் பறப்பில் அந்தத் தொல்லை இல்லை.

இனி விலை. இந்த ரிக்கற்றின் விலையைத் தீர்மானிப்பது நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள் என்பது. வாங்குகிறவர் இருக்கும் நாடு எது, கடவுச்சீட்டு எந்த நாடு என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒரே வட்டத்தை ரொறன்ரோவில் தொடங்கினால் ஒரு விலை, கொழும்பில் தொடங்கினால் வேறு விலை. நான் போட்ட ரிக்கற்றுகளில் கொழும்பு எப்போதும் மலிவான பக்கமே. உங்கள் அப்பா அம்மா அங்கேயே இருப்பது உங்களுக்கு நல்ல காலம். கொழும்பு முகவர் ஒருவரிடம் அமெரிக்க டொலரில் விலை கேளுங்கோ. கனடாக் கடனட்டையால் கட்டினால் பெரும்பாலான வங்கிகள் 2.5 வீதம் மேலதிகமாக எடுக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

பென்டில்ஹில் தம்பி சொன்ன யோசனை தவறில்லை, ஆனால் அப்பா என்ன சொன்னார் என்று பாருங்கோ. திரும்பத் திரும்ப ஏறி இறங்க ஏலாது என்றார். கொக்குவிலில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வானில் எட்டு மணித்தியாலம். இடுப்பு மாற்றிய மனிதருக்கு அந்த வீதிப் பயணமும் ஒரு பறப்புக்குச் சமன். இரண்டு ரிக்கற் என்றால் அது நாலு தரம்.

பிரீமியம் எகொனமி பற்றியும் ஒரு சொல். லண்டனில் இருந்து புறப்படும்போது பிரித்தானிய அரசு ஒரு பயணி வரி அறவிடுகிறது. கனடாத் தூரத்துக்கு 2026 ஏப்ரலில் இருந்து எகொனமிக்கு 102 பவுண்ட், அதற்கு மேல் எந்த வகுப்பானாலும் 244. பிரீமியம் எகொனமியில் இருந்தாலும் பிஸ்னஸ் கிளாஸ் வரிதான். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பதில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். உலகம் சுற்றும் ரிக்கற்றிலோ, ஒரு துண்டை எகொனமியாக மாற்றினாலும் விலை குறையாது.

தனித்தனி ரிக்கற்றுக்கு நான் ஏன் பயப்படுகிறேன் என்றும் சொல்லவேண்டும். ஒரு குடும்பம், இரண்டு நிறுவனம், இரண்டு ரிக்கற். முதல் பறப்பு நாலு மணித்தியாலம் பிந்தியது. இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் அவர்கள் "வராத பயணிகள்". கவுன்ரரில் நின்று அன்றைய விலைக்குப் புது ரிக்கற் வாங்கினார்கள், மூன்று பேருக்கு. நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரே ரிக்கற் என்றால் அடுத்த பறப்பில் ஏற்றிவிடுவது அவர்களின் பொறுப்பு.


தெம்பனிஸ் தஞ்சாவூரான் எழுதியது:

சிங்கப்பூரில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். ரிக்கற் அண்ணை சொன்ன வழியில் ஒன்றைச் சேர்க்கலாம். சிட்னியிலிருந்து வரும்போது சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கட்டும். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இங்கே விசா தேவையில்லை. எங்களைப் போல இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் அது ஒரு நிறுத்தமாகக் கணக்காகும், உங்கள் டிக்கெட்டில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு இப்போது விமானம் இருக்கிறதே, சென்னையில் தொடங்கினால் என்ன என்று முதலில் நினைத்தேன். வேண்டாம். இந்தியாவில் தொடங்கும் பிஸ்னஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது.

அம்மாவின் சாப்பாடு விஷயம் முக்கியம். முன்பதிவில் "இந்து உணவு" என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து அதைக் குறித்துவிடாதீர்கள், அதில் கோழியோ ஆட்டிறைச்சியோ வரும். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும்தான் இருக்காது. "ஆசிய சைவ உணவு" என்பதைத்தான் கேட்க வேண்டும். என் அம்மா முதல் தடவை வந்தபோது தட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி வைத்து, ஏழு மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார்கள். குறித்தது நான்தான். இன்றைக்கும் அது என் மனசில் கிடக்கிறது. மூன்று நிறுவனம் என்றால் மூன்றிலும் தனித்தனியே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.


கொக்குவில்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலையால் வந்து சாப்பிடாமல் இருந்து வாசித்தேன்.

கொழும்பில் ஒரு முகவரிடம் தம்பி கதைத்தான். உலகம் சுற்றும் ரிக்கற் போடலாம் என்று சொல்லிவிட்டு, வன்கூவர்–சிட்னி டிசெம்பர் 18க்கு "இடம் இல்லை" என்கிறார். நான் எயார் கனடா தளத்தில் பார்க்கிறேன், அதே நாளில் பிஸ்னஸ் கிளாஸில் இடம் இருக்கிறது. யார் சொல்வது சரி?

என்னிடம் எயார் கனடாவின் ஏரோபிளான் புள்ளிகளும் கொஞ்சம் இருக்கிறது, 90,000 அளவில். அதைப் பாவிக்கலாமா?


மிசிசாகா எழுதியது:

ஏரோபிளான் புள்ளியில் அப்பா அம்மாவுக்கு நீங்கள் ரிக்கற் எடுக்கலாம், தடை இல்லை. ஒருவழிப் பயணத்திலும் 5,000 புள்ளி கூடக் கொடுத்தால் நடுவில் ஓரிடத்தில் தங்கலாம். எரிபொருள் மேலதிகக் கட்டணமும் அறவிட மாட்டார்கள். ஆனால் எயார் கனடாவின் சொந்தப் பறப்புகளுக்குப் புள்ளி விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும், டிசெம்பரில் வன்கூவர்–சிட்னி பிஸ்னஸ் கிளாஸுக்கு இரண்டு பேருக்கு 90,000 காணாது. நானென்றால் அதைத் தொடமாட்டேன். அவசரத்துக்கு வைத்திருப்பேன். நடுவில் யாருக்கும் சுகமில்லை என்று நீங்கள் லண்டனுக்கோ சிட்னிக்கோ ஓடவேண்டி வந்தால் அது கைகொடுக்கும்.


ரிக்கற் அண்ணை எழுதியது:

இருவர் சொல்வதும் சரி, தங்கச்சி. பிஸ்னஸ் கிளாஸ் என்று வெளியே தெரிவது ஒரே அறை. உள்ளே எழுத்து எழுத்தாகப் பிரித்து வைத்திருப்பார்கள்: ஜே (J), சி (C), டி (D), இசட் (Z), பி (P). எழுத்து மாறினால் விலை மாறும். உலகம் சுற்றும் பிஸ்னஸ் ரிக்கற்றுக்கு டி எழுத்தில் இடம் வேண்டும். தளத்தில் நீங்கள் பார்த்தது ஜேயாக இருக்கும். அது கூடிய விலைக்கு வாங்குகிற ஆக்களுக்கு.

டிசெம்பர் நடுவில் அவுஸ்திரேலியப் பாடசாலை விடுமுறையும் நத்தாரும் சேர்ந்து வரும். அந்த வாரம் டி தேடிக் களைக்கவேண்டாம். நவம்பர் கடைசி வாரத்துக்குப் பார்க்கச் சொல்லுங்கோ. அப்பாவுக்கு ரொறன்ரோக் குளிரும் ஒரு மாதம் மிச்சம். சிட்னியில் அவர்கள் நிற்கும் நாள் கூடும், பொங்கலுக்கு முதல் வாரம் திரும்பலாம்.

நாளைப் பற்றி இன்னொன்று. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம் என்றீர்கள். வன்கூவரில் வியாழன் இரவு பதினொன்றரை மணிபோல ஏறினால், பதினைந்தரை மணித்தியாலம் பறந்து, சிட்னியில் இறங்கும்போது சனி காலை. இடையில் தேதிக்கோடு. அவவுக்கு அந்தக் கிழமை வெள்ளியே இருக்காது. இப்படி ஒரு தாயார் என்னிடம் கேட்டு, பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். சனி இரவு ஏறினால் திங்கள் காலை, ஒருவருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

ரிக்கற் கையில் வந்த பிறகு நாள் மாற்றவேண்டி வந்தால், அதே டி எழுத்தில் இடம் இருந்தால் அபராதம் இல்லாமல் மாற்றலாம். ஊரை மாற்றினால் காசு. ஆனால் எந்தப் பறப்பையும் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடக்கூடாது. ரொறன்ரோ–வன்கூவருக்கு யாரோ மலிவாக வேறு ரிக்கற் எடுத்துக் கொடுத்தார்கள் என்று அதில் ஏறினால், மிச்சப் பறப்பு முழுவதும் தானாக ரத்தாகிவிடும்.

சக்கர நாற்காலி இலவசம், ஆனால் எந்த வகை என்று சரியாகச் சொல்லுங்கோ. தூரம் நடக்க ஏலாது ஆனால் படி ஏறுவார் என்பது ஒன்று. படியும் ஏற ஏலாது என்பது இன்னொன்று. இருக்கை வரைக்கும் தூக்கிவிட வேண்டும் என்பது மூன்றாவது. அப்பாவுக்கு இரண்டாவது என்று நினைக்கிறேன். முதலாவதைக் குறித்துவிட்டு, விமானம் தூரத்தில் நின்று படியால் ஏற்றினால் அந்த இடத்தில் திண்டாடுவார்.


பென்டில்ஹில் எழுதியது:

ரிக்கற் அண்ணை, வான் பயணத்தை நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொன்னது சரி. அக்கா, சிட்னியில் அப்பாவுக்குப் பிசியோ தேவைப்பட்டால் தமிழ் பேசுகிற ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார், தம்பியிடம் எனக்குத் தனிமடல் போடச் சொல்லுங்கோ.


கொக்குவில்காரி எழுதியது:

போட்டாச்சு.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை இரவு வன்கூவர்–சிட்னி, டி எழுத்தில் இரண்டு இடம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் முன்னுக்கும் பின்னுக்கும் பொருத்தினார்கள். தீர்த்தம் முடிந்து பத்தாம் நாள் கொழும்பில் ஏறுகிறார்கள். லண்டனில் மூன்று கிழமை. மாமிக்கு டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து இறங்குகிறார்கள், அவ தானே ஹீத்ரோவுக்கு வருவேன் என்று நிற்கிறா. சிங்கப்பூரில் இரண்டு இரவு. பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னர் வீடு. வரி, வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 10,000 கனடிய டொலருக்குச் சற்றுக் கீழே முடிந்தது. மிச்சத்தில் பயணக் காப்புறுதி எடுத்துவிட்டேன்.

நேற்று இரவு அப்பாவுக்கு ஒவ்வொரு பறப்பாக வாசித்துக் காட்டினேன். கொக்குவிலில் அப்போது விடியப்புறம். எயார் கனடாவில் நடுவில் உள்ள சோடி இருக்கை, இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில், கட்டிலாக விரியும் என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சப்பாத்தைக் கழற்றி வைக்க இடம் இருக்குமோ?" என்றார். இருக்கு அப்பா என்றேன்.

ரிக்கற் அண்ணை, ஒரே ஒரு கேள்வி. சக்கர நாற்காலியும் அம்மாவின் சைவச் சாப்பாடும் ஏழு பறப்புக்கும் ஏறியிருக்கிறதா என்று நானே பார்க்க வழி இருக்கா? முகவர் "எல்லாம் போட்டிருக்கு" என்கிறார், எனக்கு மனம் ஆறவில்லை.


ரிக்கற் அண்ணை எழுதியது:

இருக்கு. உங்களிடம் இருப்பது முகவரின் பதிவு எண். ஒரே ரிக்கற்றானாலும் மூன்று நிறுவனத்துக்கும் தனித்தனிப் பதிவு எண் இருக்கும், அதை முகவரிடம் கேட்டு வாங்குங்கோ. ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் அந்த எண்ணையும் அப்பாவின் குடும்பப் பெயரையும் போட்டால் சாப்பாடும் சக்கர நாற்காலியும் தெரியும். தெரியாத பறப்புக்கு அந்த நிறுவனத்துக்கே தொலைபேசி எடுங்கோ. இப்போது ஒருதரம் பாருங்கோ, புறப்பட மூன்று நாளைக்கு முன்னர் இன்னொருதரம் பாருங்கோ. நேர அட்டவணை மாறும்போது சாப்பாட்டுக் குறிப்பு சிலவேளை விழுந்துபோகும்.

மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ. நானும் ஹரோதான்.